விட்டுடாதே... விட்டுட்டேன்!

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வாரம் ஒரு சின்னப் பரீட்சை. ஒரே கேள்வி. ஒரே மார்க்.

நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இடது பக்கம் திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை முதலில் எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?

'இதென்னய்யா கேள்வி, இடது பக்கம்தான்' என்று சொன்னவர்களுக்கு முட்டை மார்க். சரியான விடை, வலது பக்கம்! கண் இமைக்கிற நேரம், ஒரு நூலளவு, வலது பக்கம் திருப்புகிறீர்கள். முன்சக்கரம் வலப்புறம் விலகுகிறது. அதனால் சைக்கிளும் நீங்களும் இடப்புறம் சாய்கிறீர்கள். சாய்ந்த பிறகுதான் ஹேண்டில் இடது பக்கம் வருகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் சாயங்காலம் காலி மைதானத்தில் மெதுவாக முயன்று பாருங்கள். (மெயின் ரோட்டில் வேண்டாம். பத்திரிகைக்கு நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும்.)

ஆகாய விமானம் செய்வதற்கு முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் ரைட் சகோதரர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், டஜன் கணக்கான ஆட்களிடம் இதையேதான் கேட்டாராம். கேட்டவுடன் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் அன்றாடம் சைக்கிளில் போய் வருகிறவர்கள்!

ஆக, நமக்குத் தெரியாத ஒன்று நம் கைக்குத் தெரிந்திருக்கிறது. அது எப்போது கற்றுக்கொண்டது, யாரைக் கேட்டுக் கற்றுக்கொண்டது, எங்கே எழுதி வைத்திருக்கிறது? அதுதான் இந்த வார விவகாரம்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சோதனைச்சாலை அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இல்லை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருந்தது. கூரை கிடையாது, வெள்ளைக் கோட்டு கிடையாது. பள்ளிக்கூடத்து மைதானம், ஊருணிக் கரை, அறுப்பு முடிந்த களம், கூடவே வாடகை சைக்கிள். அவ்வளவுதான்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆரம்பமானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற இயக்கம். கற்க வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கிறோம், சரி. படித்த பெண் பக்கத்து ஊருக்குப் போய் வர எவனையாவது எதிர்பார்த்து நிற்க வேண்டுமா? சைக்கிளையும் பாடத்தில் சேர்!

சேர்த்தார்கள். வயல் வேலை செய்கிற பெண்கள், கல்குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள், செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் என்று எல்லோரும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குறிச்சி மாதிரியான ஊர்களில் பயிற்சி முகாம், திருவிழாக் கூட்டம்! 1992 சர்வதேச மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக நுழைந்தபோது, டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைக்க மறந்து பார்த்தார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு அங்கே வந்து பார்த்து எழுதினார். 1996-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அது ஒரு முழு அத்தியாயம். சைக்கிள் ஓட்டக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது அவர் தரும் கணக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நாலில் ஒருவர்!

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்கள் அசரவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பல பேர் அதையே விரும்பியும் கேட்டார்கள். ஏன் என்று கேட்டால், முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாமே!

நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. இவர்களில் நிறையப் பேர் முப்பது, நாற்பது தாண்டியவர்கள். சின்ன வயசில் குரங்குப் பெடல் போட்டவர்கள் இல்லை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று ஊரே கேட்டது. வளைந்தது ஸார். முதல் நாள் ஹேண்டில்தான் கன்னாபின்னாவென்று வளைந்தது, அப்புறம் எல்லாம் நேரானது. 2008-ல் ஜெர்மனியில் சராசரி 60 வயதுக்காரர்களைக் கூட்டி வைத்து மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, மூளையைப் படமெடுத்தார்கள். இருபது வயசுக்காரர்கள் அளவுக்கு அத்தனை பேரும் தேறவில்லைதான். ஆனால் தேறியவர்களின் மூளையில், அசைவைக் கண்ணால் பின்தொடர்கிற பகுதி கொஞ்சம் தடித்திருந்தது. இதற்குப் பதினாறு வருஷம் முன்பே கீழக்குறிச்சி மைதானத்தில் வந்து பார்த்திருந்தால் படமெடுக்கிற செலவு மிச்சம்.

முதல் நாள் சைக்கிள் ஏறுகிறவரின் தலைக்குள் என்ன நடக்கிறது? புதிதாக வந்த மேனேஜர், 'எல்லா ஃபைலும் என் டேபிளுக்கு வரணும்' என்று சொன்னால் ஆபீஸ் எப்படி இருக்கும்? அப்படித்தான். பெடல் எங்கே, ஹேண்டில் ஏன் ஆடுகிறது, முந்தானை செயினில் சிக்குமா, எதிரே மாடு வருகிறதே, அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியாம்பளை சிரிக்கிறாரே... ஒவ்வொன்றையும் பெருமூளை தனித்தனியாக யோசித்து உத்தரவு போடுகிறது. உத்தரவு காலுக்குப் போய்ச் சேருவதற்குள் சைக்கிள் கள்ளிச்செடியில்.

நாலைந்து நாளில் வேலை கைமாறுகிறது. பின்னந்தலைக்குக் கீழே, பிடரிக்கு மேலே, ஒரு சின்ன மூளை இருக்கிறது. சிறுமூளை என்று பேர். மொத்த மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையில் இருக்கும் நரம்பணுக்களில் ஐந்தில் நாலு பங்கு அங்கேதான் குடியிருக்கின்றன. ஆள் சிறுசு, குடும்பம் பெரிசு!

நான் பி.காம். படித்தவன். அதனால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். சிறுமூளை ஓர் ஆடிட்டர். 'இந்த உத்தரவு போட்டால் உடம்பு இவ்வளவு சாய வேண்டும்' என்று முன்கூட்டியே ஒரு பட்ஜெட் போடும். நிஜமாக எவ்வளவு சாய்ந்தது என்று கண், காது, மூட்டு எல்லாவற்றிலிருந்தும் வரவு செலவு வாங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் சிவப்பு மசியில் குறித்துவிடும். அங்கே பர்கின்ஜி அணு என்று ஒரு வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் லட்சத்துக்கு மேல் இணைப்புகள். தப்பு நடந்தது என்று தகவல் வரும்போது, அந்த நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இணைப்புகள் பலம் குறைந்துபோகின்றன. இதை எண்பதுகளில் பரிசோதனையில் காட்டியவர் ஜப்பானின் மசாவோ இட்டோ. சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கித் தள்ளுகிற மாதிரி தப்பைச் செதுக்கித் தள்ளித் தள்ளி, மிச்சம் நிற்பதுதான் 'பழகிவிட்டது'. சிறுமூளை மட்டும் தனியாள் இல்லை. எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று கோத்து வைக்க மூளையின் நடுவே இன்னொரு கூட்டம் இருக்கிறது. பேஸல் கேங்கிலியா என்பார்கள். வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். அது பாட்டுக்கு வேலை செய்யும்.

இதில் ஒரு ருசியான சங்கதி. தப்பு நடந்தால்தான் ஆடிட்டருக்கு வேலை! தப்பே நடக்காவிட்டால் கற்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாரே ஒரு புண்ணியவான், அவர் கடைசி வரை பிடித்துக்கொண்டே இருந்தால் ஜென்மத்துக்கும் சைக்கிள் வராது. சாய்வதை அவர் சரிசெய்துவிடுகிறார். உங்கள் சிறுமூளைக்குத் தப்புக் கணக்கே வந்து சேருவதில்லை. 'விட்டுடாதே... விட்டுடாதே...' என்று கத்திக்கொண்டு போவோம். அவர் எப்போதோ விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றிருப்பார். திரும்பிப் பார்த்தால்தான் விழுவோம். விட்ட அந்த இடத்தில்தான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது. அளவுக்கு மீறிக் கைகொடுத்தால் பயிற்சியின்போது பிரமாதமாகச் செய்வார்கள், தனியே விட்டால் தடுமாறுவார்கள் என்பதை 1984-லேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஸ்கூல் பிள்ளைகளின் ஹோம்வொர்க்கை முழுசாகச் செய்து தருகிற அம்மா அப்பாக்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கவும்.

விட்டு விட்டுப் பழகுவதிலும் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் தபால்துறை ஊழியர்களுக்கு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது பேட்லியும் லாங்மனும் செய்த ஆராய்ச்சி 1978-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குத் தினம் ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்குத் தினம் நாலு மணி நேரம். நாலு மணிக்காரர்கள் சீக்கிரம் வேலைக்குத் தயாரானார்கள்தான். ஆனால் மொத்தம் செலவான மணிக்கணக்கைக் கூட்டினால் ஒரு மணிக்காரர்கள் குறைந்த நேரத்தில் கற்றிருந்தார்கள், பிறகு மறக்காமலும் வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பயிற்சி மெதுவாகப் போகிறதே என்று அதிகம் அலுத்துக்கொண்டவர்களும் அவர்களேதான்!

இடைவெளியில், அதிலும் தூக்கத்தில், மூளை சும்மா இருப்பதில்லை. 2002-ல் மேத்யூ வாக்கரும் கூட்டாளிகளும் விரலால் வரிசையாகத் தட்டுகிற ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, தூங்கவிட்டுப் பார்த்தார்கள். விழித்ததும் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. நடுவில் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை! ராத்திரி படுக்கப் போகும்போது 'நமக்கு இது வராது' என்று நினைத்த பெண், காலையில் ஏறிப் பார்த்தால் பத்தடி கூடுதலாகப் போகிறாள். மைதானத்தில் நின்றவர்கள் 'சாமி புண்ணியம்' என்றார்கள். தூக்கத்தின் புண்ணியமும் கொஞ்சம் உண்டு.

சரி, கற்றாயிற்று. அது எங்கே தங்குகிறது? ஏன் போக மறுக்கிறது?

1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. இப்போது பேசிவிட்டுப் போன டாக்டர் பத்து நிமிஷம் கழித்து வந்தால் 'நீங்கள் யார்?' என்பார். பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தில் கோடு போட வேண்டும். (செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம் ஓடும், அழுகை வரும்.) மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததே இல்லை என்பார் மொலைசன். கோடு மட்டும் நாளுக்கு நாள் திருத்தமாகிக்கொண்டே வந்தது!

அதாவது மனுஷன் மறந்துவிட்டார், கை மறக்கவில்லை. அப்போதுதான் விஞ்ஞானிகளுக்கு உறைத்தது. ஞாபகம் என்பது ஒரே இரும்புப் பெட்டி இல்லை. 'என்ன' என்பதற்கு ஒரு கணக்கு, 'எப்படி' என்பதற்கு வேறு பேங்கில் வேறு கணக்கு. ஒன்று திவாலானாலும் மற்றது நடக்கும்.

இந்த இரண்டாவது கணக்கில் ஏ.டி.எம். கார்டு மட்டும் தரமாட்டார்கள். வாயால் கேட்டு எடுக்க முடியாது. பி.காம். முடித்துவிட்டு, எல்லோரையும் போல நானும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே என்று மாதக்கணக்கில் தட்டியவன். லோயர், ஹையர் இரண்டும் பாஸ். இந்தப் பத்தியை அடிக்கும்போதுகூட விரல்கள் தானாகப் போகின்றன. ஆனால் வெறும் தாளில் கட்டம் போட்டுக் கொடுத்து 'பி எங்கே, எம் எங்கே?' என்று கேட்டால் காற்றில் விரலை ஆட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனக்கு மட்டுமில்லை. 2014-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், நிமிஷத்துக்கு எழுபது வார்த்தைக்கு மேல் அடிப்பவர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15-ஐத்தான் சரியான கட்டத்தில் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அத்தையின் ஞாபகம் வந்தது. அப்பாவின் அக்கா. அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம். அறிவொளியில் எழுத்தும் படித்தது, சைக்கிளும் கற்றது. அப்போது முப்பது வயசு, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். எட்டு நாளில் கற்றதாகவும், ஆறு தடவை விழுந்ததாகவும் கணக்கு வைத்திருக்கிறது. 'ஏழாவது தடவ விழுகிறதுக்குள்ள வந்துருச்சு மருமகனே' என்று சொல்லும்.

எழுத்து என்ன ஆயிற்று? 1992-ல் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு அத்தை பேப்பர் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்ததாம். இன்றைக்கு பஸ் போர்டைப் படிக்கவே தடுமாறுகிறது. வீட்டில் புத்தகம் இல்லை, படிக்க நேரம் இல்லை, படிக்கச் சொல்ல ஆள் இல்லை. மெல்ல மெல்ல நழுவிவிட்டது. புதிதாக எழுத்துக் கற்றவர்கள் தொடர்ந்து படிக்காவிட்டால் மறந்துவிடுவார்கள் என்பது தெரிந்துதான், அறிவொளிக்குப் பிறகு தொடர்கல்வி என்று இன்னொரு திட்டமே போட வேண்டியிருந்தது.

ஆனால் கையெழுத்து? பேங்கில் போய் நின்று, பேனாவை வாங்கி, ஒரே இழுப்பில் போடுகிறது அத்தை. கட்டைவிரலில் மை தொட்டதே இல்லை. போட்ட கையெழுத்தில் மூன்றாவது எழுத்தைத் தனியாகக் காட்டி 'இது என்ன எழுத்து?' என்று கேட்டால் யோசிக்கிறது! கையெழுத்து அத்தைக்கு இப்போது எழுத்தே இல்லை ஸார், சைக்கிள் மாதிரி ஓர் அசைவு. எழுதுவதும் படிப்பதும் மூளையில் வேறு வேறு பாதை என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1892-ல் பாரிஸில் டெஜரீன் என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அந்த மனிதருக்குப் படிக்க வராமல் போய்விட்டது. எழுத மட்டும் நன்றாக வந்தது. தான் எழுதியதையே தன்னால் படிக்க முடியாது! அத்தைக்கு அப்படி வியாதி ஒன்றும் இல்லை. கை வைத்திருந்தது தங்கியது, கண் வைத்திருந்தது கரைந்தது. அவ்வளவுதான்.

'அப்படியானால் உடம்பு கற்ற எதுவுமே மறக்காதா?' என்று நீங்கள் கேட்பீர்கள். மறக்கும். முதலில் இது, பிறகு அது என்று படிப்படியாகச் செய்கிற வேலைகள் சீக்கிரம் போய்விடும். மயங்கி விழுந்தவரின் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி இருக்கிறதே, அதைக் கற்றவர்கள்கூட ஒரு வருஷத்துக்குள்ளேயே பாதியில் திணறுகிறார்கள். அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்கச் சொல்கிறார்கள். சைக்கிள், நீச்சல் மாதிரி விட்டுப்போகாமல் தொடர்ந்து ஓடுகிற அசைவுகள் அப்படி இல்லை. அடுத்த படி எது என்று ஞாபகப்படுத்திக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. சாய்வதும் சரிசெய்வதும் ஒரே வளையம். 2009-ல் எலிகளை வைத்துப் பார்த்தபோது, புது அசைவு ஒன்றைக் கற்றதும் மூளையின் அணுக்களில் புதிதாகச் சின்னச் சின்ன முளைகள் கிளம்பின. பல உதிர்ந்தன. கொஞ்சம் மட்டும் நின்றன, பயிற்சியை நிறுத்திய பிறகும் நெடுநாள் நின்றன. அந்தக் கொஞ்சம் போதும் போலிருக்கிறது.

கற்றதை அழிப்பதும் லேசில்லை. டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்க இன்ஜினீயர், ஹேண்டிலை இடப்புறம் திருப்பினால் சக்கரம் வலப்புறம் போகிற மாதிரி ஒரு கோளாறு சைக்கிளைச் செய்து வாங்கினார். 2015-ல் அதை வெளியே சொன்னார். அதை ஓட்டப் பழக அவருக்கு எட்டு மாசம் ஆயிற்று. அவர் பையன் சின்னவன், இரண்டே வாரம். எட்டு மாசப் படிப்புக்குப் பிறகு சாதாரண சைக்கிளில் ஏறினால்... விழுகிறார்! சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். சுமார் இருபது நிமிஷம் தடுமாறினார். சட்டென்று ஒரு கணத்தில் பழைய பாடம் திரும்பி வந்துவிட்டது. அழியவில்லை, அடியில் கிடந்திருக்கிறது.

அத்தைக்கும் இந்த வருஷம் அது நடந்தது. அதனால்தான் இந்தப் பத்தியே.

அத்தையின் சைக்கிளை என் மச்சான் பழைய இரும்புக்குப் போட்டு வெகு நாளாகிறது. 'வீட்ல டூ வீலர் இருக்கு, 2021-லேர்ந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது, உனக்கு எதுக்கு ஆத்தா சைக்கிளு?' பேச்சு நியாயம்தான். ஆனால் டூ வீலர் மச்சானோடு போய்விடுகிறது. பஸ் அதற்கு இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருகிறது. மாத்திரை வாங்கவும், தங்கச்சி வீட்டுக்குப் போகவும், அத்தை மறுபடி யாரையாவது எதிர்பார்த்து நிற்கிறது. எதை ஒழிக்க வேண்டும் என்று கலெக்டர் சைக்கிளைப் பாடத்தில் சேர்த்தாரோ, அதே நிலைமை.

பேத்திக்கு பிளஸ் ஒன்னில் அரசாங்கத்து இலவச சைக்கிள் வந்தது. ஒருநாள் சாயங்காலம் ஆளில்லாத நேரம் பார்த்து அத்தை அதைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பதினைந்து வருஷம் கழித்து! மூன்று தடவை ஆட்டம். நாலாவது தடவை, களத்தைச் சுற்றி முழு வட்டம். மச்சான் வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பஞ்சாயத்து எனக்கு போனில் வந்தது.

மச்சான் பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. மூளையில் இருக்கும் பாடம் அப்படியே இருக்கலாம். ஆனால் பாடம் எழுதப்பட்ட உடம்பு முப்பது வயசு உடம்பு. இப்போது கால் பலம் வேறு, கண் வேறு, சாய்வது தெரிந்து சரிசெய்வதற்குள் ஆகிற தாமதம் வேறு. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிகிறது. அன்றைக்கு ஆறு தடவை விழுந்து எழுந்த உடம்பு, இன்றைக்கு ஒரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போகலாம். ரோடும் 1992 ரோடு இல்லை. மெயின் ரோட்டில் லாரி போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே காலை ஊன்றிக்கொண்டு நிற்கத் தோன்றுகிறது.

இருந்தாலும் என் ஓட்டு அத்தைக்குத்தான். அதற்குக் காரணம் குடுமியான்மலையில் இருக்கிறது. கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் பழகிய அதே வட்டாரம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கே குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு அல்லது எட்டாம் நூற்றாண்டு, பல்லவ கிரந்த எழுத்து. முழுக்க சங்கீத ஸ்வரங்கள்! நாலு நாலு ஸ்வரமாக அடுக்கி, மாணவர்களின் நன்மைக்காக ஒரு ராஜா வெட்டி வைத்தது. கையும் தொண்டையும் பழக வேண்டிய பாடம். எழுத்து இன்னும் அழியவில்லை, போனால் பார்க்கலாம். ஆனால் அதை எப்படி வாசிப்பது என்று அறிஞர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். வாசித்த கைகளிலிருந்து அடுத்த கைகளுக்கு அது வந்து சேரவில்லை. கல்லில் தங்கினது கணக்கு மட்டும். அத்தையின் தலையில் இருப்பது கல்லில் வெட்ட முடியாத சமாசாரம். அது அத்தையோடு இருக்கும், அத்தையோடு போகும். இருக்கிற வரைக்கும் ஓட்டட்டுமே!

ஆகவே போனிலேயே ஒப்பந்தம் பேசினேன். ஊருணிக் கரையும் ஊருக்குள்ளும் மட்டும். மெயின் ரோடு கூடாது. முதலில் டாக்டரிடம் எலும்பும் கண்ணும் பார்த்துவிட வேண்டும். ரொம்ப நாள் விட்டுப்போய் மறுபடி ஏற ஆசைப்படுகிற மற்ற அத்தை மாமாக்களுக்கும் இது பொருந்தும். சீட்டை இறக்கி வையுங்கள், உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். முதல் நாள் பெடலை மறந்துவிட்டு, காலால் தரையைத் தள்ளித் தள்ளி உருட்டிப் பழகுங்கள். ஆட்டம் இருக்கும், பதறாதீர்கள், பழைய கணக்கைப் புது உடம்புக்கு மாற்றி எழுத ஆடிட்டருக்கு அவகாசம் வேண்டும். தினம் பத்து நிமிஷம் போதும். கூட ஒருவர் இருக்கட்டும். கேரியரைப் பிடிக்க வேண்டாம்.

மச்சான் முனகிக்கொண்டே சம்மதித்துவிட்டான். 'செகண்ட்ஹேண்ட்ல நல்ல லேடீஸ் சைக்கிளா பார்க்கிறேன் அத்தை' என்றேன்.

மறுமுனையில் அத்தைக்குத் திருப்தி இல்லை.

'லேடீஸ் சைக்கிளா? பாரு வச்சதா பாரு மருமகனே. சின்னப் பேரன எங்க உக்கார வைக்கிறதாம்?'